லோசருக்குள் திரும்பியவர்கள்

மார்கழிக் குளிரில் நம் ஊர்களில் ஸ்வெட்டர் கடை விரிக்கும் திபெத்தியர்களைப் பார்த்திருப்போம். அவர்களில் பலர் கர்நாடகக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள்; மைசூரு மாவட்டத்துப் பைலகுப்பே அவற்றில் மூத்தது.

1959இல் இமயம் கடந்து வந்தவர்களுக்கு மைசூர் மாநில அரசு குத்தகைக்கு விட்ட ஏறத்தாழ 3,000 ஏக்கரில், 1960-61இல் எழுந்த ஊர் அது. காடு திருத்தி மக்காச்சோளம் விதைத்தார்கள். சோளம் மட்டும் போதாது என்றானபோது, அறுவடை முடிந்த கையோடு பெற்றோர் ஸ்வெட்டர் மூட்டையுடன் கிளம்பினார்கள், பிள்ளைகள் பாட்டியிடம். சில மாதப் பிரிவுதான். லோசர் புத்தாண்டுக்குள் அம்மா வந்துவிடுவாள் என்று பிள்ளைக்குத் தெரியும்.

1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்த திபெத்தியர்களுக்கு 1,000 விசா ஒதுக்கியது. வீட்டுக்கு ஒருவர் முன்னே போனார். மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு நியூயார்க், டொரான்டோ என்று வழி விரிந்தது. பணம் வந்தது, கூரை மாறியது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூட்டை சுமந்த தோளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிரிவு திபெத் பக்கமும் உண்டு. அன்று லாசாவில் விட்டுவந்த உறவுக்குக் கடிதமும் எட்டாது. பின்னாளில் வீசாட் என்ற சீனச் செயலி வந்து முகத்தையே காட்டியது. 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. எல்லைத் தகராறு இந்திய, சீன அரசுகளுக்கு. அறுந்தது பல வீடுகளின் பேச்சு.

குடும்பம் ஓரிடத்தில் இல்லை என்ற இந்த மாற்றம் மனநல மருத்துவத்தையும் எட்டியது. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூரிலும் உறவினர் உடனிருப்பது நெடுநாள் வழக்கம். குடும்பம் என்றால் கூப்பிட்டால் வந்து சேர்வது என்பது அன்றைய நிலை. புலம்பெயர்ந்தவர் ஊரோடு அறுந்தவரல்லர், இரண்டு ஊரிலும் ஒருசேர வாழ்பவர் என்று கொண்டே குடும்ப சிகிச்சையை அமைக்க வேண்டும் என 2007இல் எழுதினார் செலியா ஃபாலிகோவ், அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்கா சென்றவர். பிள்ளையை வளர்க்கும் பாட்டியும் பணம் அனுப்பும் தாயும் இன்று ஓர் அறையில் உட்கார முடியாது. திரை வழியே உட்காரவைக்கலாம், நேரம் ஒத்துவந்தால்.

பைலகுப்பேயில் காலை எட்டு மணி என்றால் லாசாவில் பத்தரை. கோடைக்கால நியூயார்க்கிலும் பத்தரைதான், முந்தைய நாள் இரவு. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை தூக்கம் சொக்கும் அம்மாவிடம் கேட்கிறது, எப்போது வருவாய் என்று. குடியேற்றப் பேப்பர் கிடைத்ததும் என்கிறாள். எந்த லோசருக்கு என்று அவளால் சொல்ல முடிவதில்லை.