கீழ்ப்பிரிவிலிருந்து கோப்பை வரை

ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, பாஸ்க் பிரதேசத்துச் சல்திபார் என்னும் சிற்றூரில் 1961-ஆம் ஆண்டு பிறந்த ஹோசே லூயிஸ் மெந்திலிபார், ஆட்டக்காரராகப் பெரும் புகழ் எய்தாவிடினும், பின்னர் அர்ராத்தியா, பஸ்கோனியா, லான்சரோத்தே எனக் கீழ்ப்பிரிவுக் கால்பந்துக் கழகங்களில் பயிற்சியாளராக வருஷக்கணக்கில் உழைத்தவர். அந்த உழைப்பை நாம் லேசாக எண்ணலாகாது. பந்தை இழந்த கணமே, எதிரணியின் எல்லையிலேயே அதை மீட்க வேண்டும் என்ற அவருடைய எளிய சித்தாந்தம் அங்கேதான் உரம் பெற்றது. 2007-இல் வய்யாதோலித் கழகத்தை முதற்பிரிவுக்கு உயர்த்தினார். பெரும் கீர்த்தியோ அறுபது வயதைக் கடந்த பின்னரே வந்தது: 2023-இல் செவியா கழகத்துக்கு யூரோப்பா லீக் கோப்பையும், மறு ஆண்டே ஒலிம்பியாகோஸ் கழகத்துக்குக் கான்பரன்ஸ் லீக் கோப்பையும் பெற்றுத் தந்தார். கிரேக்கக் கால்பந்துக் கழகமொன்று வென்ற முதல் பெரிய ஐரோப்பியக் கோப்பை அதுவே.