மோசேயின் தாய் பெற்ற கூலி



விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் நாம் வேகமாகக் கடந்துபோய்விடும் ஒரு செய்தி உண்டு. நைல் நதிக்கரையில் நாணல்களுக்கிடையே பேழையில் கிடந்த குழந்தையைப் பார்வோனின் மகள் எடுக்கிறாள். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து, பாலூட்ட ஒரு பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்கிறாள். அழைத்து வந்தது குழந்தையைப் பெற்றவளையே! பாலூட்டி வளர்த்துத் தா, கூலி தருகிறேன் என்கிறாள் இளவரசி. செங்கல் அறுக்கும் அடிமை இனத்துப் பெண் ஒருத்தி, தன் சொந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூலி பெற்றாள்.

இன்று அதற்கு மகப்பேறு விடுப்பு என்று பெயர். நம் நாட்டில் 1961-இல் வந்த மகப்பேறு பயன் சட்டம் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2017-இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். நமது பங்கின் ஆசிரியைகள் இதனால் பயன்பெறுகிறார்கள், மகிழ்ச்சியே.

ஆனால் ஞாயிறு திருப்பலியில் அவர்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மற்ற தாய்மார்? 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு தந்தது. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டு என்றது. அங்கே மாநகராட்சி என்று ஒரு முதலாளி இருந்தார். இன்று ஒரு காட்டில் களையெடுப்பு, நாளை வேறொரு காட்டில் பருத்தி எடுப்பு என்று போகிறவளுக்கு முதலாளி யார்? அவள் யாரிடம் விடுப்புக் கேட்பாள்? ஆகவே பச்சை உடம்போடு வேலைக்குக் கிளம்புகிறாள். குழந்தை பாட்டியிடம். பாட்டிக்கும் வேலை இருந்தால், நான்காம் வகுப்பு படிக்கும் அக்கா பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறாள். மோசேயின் அக்காவைப் போல அவளும் காவல் நிற்கிறாள். கூப்பிட்டால் வரும் தூரத்தில் அம்மாதான் இல்லை.

இதனால் குழந்தைக்கு என்ன இழப்பு? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தாய் காட்டில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீரும் புட்டிப் பாலும் வருகின்றன; பின்னாலேயே வயிற்றுப்போக்கு வருகிறது. இன்னொன்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மனித மூளை மிக வேகமாக வளர்வது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில். குழந்தை ‘ங்கா’ என்கிறது, ‘என்னடா தங்கம்’ என்று முகம் பார்த்து நாம் பதில் சொல்கிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சும் நம்பிக்கையும் முளைக்கின்றன. நம் பாட்டிமார் தாலாட்டிலே செய்தது இதைத்தான். களைத்து வந்து விழும் தாய்க்கு அதற்குத் தெம்பு ஏது?

நம் மாவட்டம் இதை முன்பே அறிந்தது. உலக வங்கி உதவியுடன் தமிழக அரசு நடத்திய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் முதலில் தொடங்கியது கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்தார்கள். பள்ளிக்கு வந்தபின் ஊட்டினால் போதாது என்பதை அன்றே உணர்ந்தார்கள்.

விடுப்பே இல்லாத தாய்மாருக்கு இன்று உள்ள பெரிய கைதாங்கல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2018-இல் 18,000 ஆனது. இதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தருகிறார்கள். இந்த 14,000-ஐ ஆறு மாதத்திற்குப் பிரித்துப் பார்த்தோம். நாளொன்றுக்கு 78 ரூபாய்கூட வரவில்லை. எந்தக் காட்டிலும் இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்காது.

நம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே.சி. குமரப்பா, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர். பொருளாதாரங்களில் எல்லாம் உயர்ந்தது சேவைப் பொருளாதாரம் என்றும், கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை தேடும் தாயே அதற்கு எடுத்துக்காட்டு என்றும் எழுதினார். உண்மைதான். ஆனால் கைம்மாறு கேட்காதவள் என்பதற்காக அவளைப் பட்டினி போடலாமா? பார்வோனின் மகளுக்கே அது தோன்றவில்லை.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. தந்தையருக்கு விடுப்பு தரும் சட்டம் கூலி வேலையில் இல்லை. ஆனால் மாலையில் டீக்கடையில் போகும் ஒரு மணி நேரத்திற்கு எவரிடமும் விடுப்பு எழுதித் தர வேண்டியதில்லை.

நமது அன்பியங்களில் கருவுற்ற சகோதரிகள் யாராவது இருந்தால், 12 வாரத்திற்குள் நர்சம்மாவிடம் பதிந்து பிக்மி எண் வாங்கினார்களா என்று கேளுங்கள். அது இல்லாமல் உதவித்தொகை வராது. மில்லில் வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். தேவையான நாட்களுக்குப் பிடித்திருந்தால் 26 வாரச் சம்பளம் அவர்களது உரிமை. சீட்டு புரியாவிட்டால் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.