கூட்டம் வரும், கடை தாங்குமா?

பெருநாள் நெருங்கினால் கண்டி கொழும்பு வீதியில் நடக்க இடமிருக்காது. அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை எனப் பல ஊர்ச் சனமும் வரும். எங்கள் பிடவைக் கடைக்காரர்கள் உடனே நோட்டீஸ் அடித்து விலைக்கழிவு அறிவிப்பார்கள். கடை நிறையும். ஆனால் கணக்கை முடிக்கும்போது விற்பனை அந்தளவுக்கு ஏறியிருக்காது. இது பல கடைகளில் நான் கண்ட விடயம்.

காரணம் இலகுவானது. விளம்பரம் வாசலைத்தான் அகலமாக்குகின்றது. உள்ளே காசு மேசை ஒன்று, உடுப்பை அளவுக்குத் திருத்தும் தையற்காரர் ஒருவர். வரிசையைக் கண்ட வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

விளம்பரம், சரக்கு, ஊழியர், சேவை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றோடொன்று பிணைந்தவையாகப் பார்ப்பதே முறைமைச் சிந்தனை எனப்படுகின்றது. அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபொரெஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இதனை வியாபாரத்துக்குப் பொருத்திக் காட்டினார். ஒரு செயலின் விளைவு தாமதமாக வருவதால் காரணம் நமக்குப் புலப்படுவதில்லை என்பது அவர் வலியுறுத்திய விடயங்களில் ஒன்று. எங்கள் கடையிலும் அப்படித்தான். நோட்டீஸின் பலன் இன்றே தெரிகின்றது. மனம் நொந்து போன வாடிக்கையாளரின் இழப்போ அடுத்த சீசனில்தான் தெரியும். அந்த வெற்றிடத்தை நிரப்ப இன்னும் அதிகமாக விளம்பரத்துக்குச் செலவிடுகின்றோம். சுழல் தொடர்கின்றது.

இதனைச் சரியாகக் கையாண்ட ஓர் இடம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களுடன் அதை ஆரம்பித்தார். கிராமங்களில் கண் முகாம் நடத்தி நோயாளரைத் தேடினார்கள். சிகிச்சை இலவசம் என்றும் பலர் வரவில்லை. பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் தடையாக இருந்தன. எனவே அவற்றையும் மருத்துவமனையே ஏற்றது. கூட்டம் பெருகியபோது டாக்டரின் நேரம் போதவில்லை. ஒரு மேசையில் சத்திரசிகிச்சை நடக்கையில் அடுத்த மேசையில் தாதியர் மற்ற நோயாளியை ஆயத்தப்படுத்தினர். பிறகு இறக்குமதி வில்லையின் விலை தடையானது. 1992இல் அரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையை அமைத்து வில்லைகளைக் குறைந்த விலைக்குத் தயாரித்தார்கள். ஒரு தடை நீங்கினால் அடுத்தது எங்கே என்று தேடியதுதான் அவர்களது வெற்றி.

நாமும் செய்யலாம். ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில் மூன்று விடயங்களைக் குறியுங்கள். எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்? எத்தனை பேருக்குப் பில் போட்டோம்? வெறுங்கையோடு போனவர்கள் எந்த இடத்தில் திரும்பினார்கள்? காசு மேசையில் என்றால் சீசனுக்கு இன்னொரு மேசை போடுங்கள். தையலில் என்றால் உடுப்பு கிடைக்கும் நேரத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்து, அந்த நேரத்தைக் காப்பாற்றுங்கள். அளவு இல்லையென்று போனால் குறை சரக்கில் இருக்கின்றது.

நோட்டீஸ் அடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.