விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு

கணவர் பிரிந்து போய்விட்டார். அல்லது காலமாகிவிட்டார். அல்லது அடி பொறுக்க முடியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்தாயிற்று. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ டூட்டிங்கிலோ இருக்கும் தமிழ்த் தாய் அந்த முதல் மாதங்களில் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வெளியில் சொல்லாமல் சமாளித்துப் பார்ப்பார். காப்பு அடகுக்குப் போகும். தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்குவார். கடையில் இன்னொரு ஷிஃப்ட் கேட்பார். பெனிஃபிட் எடுக்கிறாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம், விசாவுக்கு வில்லங்கம் வந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

இந்தப் பொறுமைக்கு இங்கே விலை உண்டு. யூனிவர்சல் கிரெடிட் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படும். முந்தைய நாட்களுக்குக் கேட்டால் அதிகபட்சம் ஒரு மாதம் கிடைக்கும், அதுவும் நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்களைக் காட்டினால் மட்டும். சைல்ட் பெனிஃபிட்டுக்கு மூன்று மாதம். கணவரை இழந்தவருக்கான பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்டில், பிள்ளை உள்ளவருக்கு முதல் தொகை 3,500 பவுண்டு, பிறகு 18 மாதம் வரை மாதம் 350 பவுண்டு. அதை முழுதாகப் பெற இறப்பு நடந்த மூன்று மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். இறந்தவர் கட்டிய நேஷனல் இன்ஷூரன்ஸிலிருந்து வரும் காசு அது. துக்கத்தில் இருப்பவருக்கு இதை எடுத்துச் சொல்லக் கூச்சப்படும் உறவினர்கள், செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதே இந்தப் படிவத்தையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

பெனிஃபிட் என்பது பிச்சை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இந்த நாட்டின் வரலாறு வேறு சொல்கிறது. குடும்பப் படி தாயின் கைக்கே போக வேண்டும் என்று எலினார் ராத்போன் பல ஆண்டுகள் போராடினார். 1945இல் சட்ட வரைவு அதைத் தந்தைக்குத் தருவதாகத்தான் இருந்தது. அவரும் அவரோடு நின்றவர்களும் நாடாளுமன்றத்தில் எதிர்த்து அதைத் தாய்க்கு மாற்ற வைத்தார்கள். 1946 ஆகஸ்டில் முதல் காசு வழங்கப்பட்டபோது ராத்போன் உயிரோடு இல்லை. இன்றைய சைல்ட் பெனிஃபிட் அதன் வாரிசு. 1970இல் லண்டனில் இரண்டு பிள்ளைகளோடு தனித்து நின்ற டெஸ்ஸா ஃபாதர்கில் என்ற தாய் தொடங்கியதுதான் ஜிஞ்சர்பிரெட் அமைப்பு. ஒற்றைப் பெற்றோருக்காக அது இன்றும் பேசுகிறது. வெள்ளைக்காரத் தாய்மாருக்கும் அன்று இதே வெட்கம் இருந்தது. அவர்கள் அதைத் தாண்டிக் கேட்டதால்தான் இன்று கேட்பதற்கு ஏதோ இருக்கிறது.

இனி விசா. எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், கவுன்சில் வீடு போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன் என்றாலும் தாயின் நிபந்தனை தாயைக் கட்டும். மீறினால் அடுத்த விசாவில் அது எதிரொலிக்கும். இப்போது பிளாஸ்டிக் அட்டை இல்லை, இ-விசாதான். நம் வீடுகளில் அந்த ஆன்லைன் கணக்கைப் பெரும்பாலும் கணவர்தான் தன் மின்னஞ்சலையும் தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்துத் திறந்திருப்பார். பிரிந்த மறுநாளே அதை உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். உள்நுழையும் குறியீடு அவர் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை உங்கள் விசா உங்கள் கையில் இல்லை.

அந்த நிபந்தனை இருக்கிறது என்பதாலேயே எல்லாக் கதவும் அடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளையின் அரசுப் பள்ளிப் படிப்பும், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான வாரம் 15 மணிநேர நர்சரியும் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ கணக்கில் வராதவை. வருமானம் குறைவாக இருந்தால் பள்ளி மதிய உணவும் கேட்கலாம், அதுவும் அந்தக் கணக்கில் வராது. வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் கவுன்சில் வரியில் கிடைக்கும் 25 சதவீதத் தள்ளுபடியும் அப்படித்தான். (குறைந்த வருமானத்துக்காகக் கவுன்சில் தரும் வரிக்குறைப்பு வேறு. அது பப்ளிக் ஃபண்ட்ஸ்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.)

குடும்ப வாழ்க்கை அல்லது தனிவாழ்க்கை அடிப்படையில் விசா பெற்றவர்கள், கையில் காசின்றித் தவிக்கும் நிலை வந்தால், அல்லது வரப்போகிறது என்றால், அந்த நிபந்தனையை நீக்கும்படி ஹோம் ஆஃபிஸிடம் கேட்கலாம். கட்டணம் கிடையாது. ‘வரப்போகிறது’ என்பதற்கும் ஓர் எட்டு வயதுச் சிறுவனின் வழக்கு வழி திறந்தது. 2020 மே மாதம் உயர் நீதிமன்றம், தெருவுக்கு வரும் நிலை நெருங்கும்போதே நிபந்தனையை நீக்காத அன்றைய கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. ஒரு தாயும் மகனும் பட்ட பாட்டிலிருந்து கிடைத்த தீர்ப்பு அது.

வீட்டு வன்முறையால் உறவு முறிந்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. கணவர் அல்லது மனைவி வழியாக விசா பெற்றவருக்கு மூன்று மாத அனுமதியும், அந்தக் காலத்தில் பெனிஃபிட் எடுக்கும் உரிமையும் தருகிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்பவர்களின் துணைவர்களும் இதைக் கேட்கலாம். ஆனால் இது கிடைத்தால் பழைய விசாவின் இடத்தில் இதுதான் நிற்கும். பிரிட்டிஷ் குடிமகனின் மனைவி அந்த மூன்று மாதத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேலை விசாக்காரரின் மனைவிக்கு அப்படி நேரான வழி இல்லை. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் சட்ட ஆலோசனை கட்டாயம் வேண்டும். அடித்தால்தான் வன்முறை என்பதும் இல்லை. சம்பளத்தைப் பிடுங்குவது, வங்கி அட்டையை வைத்துக்கொள்வது ஆகிய பொருளாதார ஒடுக்குமுறையும் 2021 சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. 0808 2000 247 என்ற வீட்டு வன்முறை உதவி எண் 24 மணிநேரமும் இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

விசா எதுவானாலும், 1989 சிறார் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, தன் எல்லைக்குள் தேவையில் இருக்கும் பிள்ளையின் நலனுக்குக் கவுன்சில் பொறுப்பு. தங்குமிடமும் சாப்பாட்டுச் செலவும் அதில் அடங்கலாம். “கவுன்சிலுக்குப் போனால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிள்ளையோடு சொந்தக்காரர் வீட்டு ஹாலில் மாதக்கணக்கில் ஒதுங்கிக் கிடக்கும் தாய்மார் இருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் குடும்பத்திலேயே வளர உதவ வேண்டும் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. பணம் இல்லாதது மட்டும் பிள்ளையைப் பிரிக்கக் காரணம் ஆகாது. கவுன்சில் உங்கள் குடிவரவு நிலையை ஹோம் ஆஃபிஸிடம் சரிபார்க்கும். அதனால் விசாவே இல்லாதவர்கள் மட்டும் முதலில் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் போவது பாதுகாப்பு.

நிபந்தனை இல்லாதவர்களுக்குப் பெரிய கதவு யூனிவர்சல் கிரெடிட். வேலை செய்தால் கிடைக்காது என்பது நம்மிடையே அதிகம் உலவும் பொய். ஒரு கணக்குப் பாருங்கள், 2025-26 விகிதத்தில். 25 வயதைத் தாண்டிய தாய், ஒரு பிள்ளை. தாய்க்கு மாதம் 400.14 பவுண்டு, பிள்ளைக்கு 292.81. வாடகைக்கு 1,200 ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வைப்போம். மொத்தம் 1,892.95. அவர் குறைந்தபட்சக் கூலியில் வாரம் 17 மணிநேரம் போல வேலை செய்து மாதம் 900 பவுண்டு எடுக்கிறார். முதல் 411 பவுண்டைத் தொட மாட்டார்கள். மிச்சம் 489இல் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழியும், அதாவது 268.95. கைக்கு வருவது 1,624 பவுண்டு. சம்பளம் 900 அதற்கு மேல். சைல்ட் பெனிஃபிட் வாரம் 26.05 அதற்கும் மேல். நர்சரி அல்லது பிள்ளை பராமரிப்புச் செலவு இருந்தால் அதில் 85 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், தனியாகக் கேட்கலாம். விகிதங்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், கணக்குப் போடும் முறை இதுதான்.

வேலையே இல்லாதவருக்கு லண்டனில் ஒரு கெட்ட செய்தி உண்டு. பிள்ளையுள்ள குடும்பத்துக்கு எல்லாப் பெனிஃபிட்டும் சேர்ந்து ஆண்டுக்கு 25,323 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு. இந்த ஊர் வாடகையைப் பார்த்தவர் எவரும் இதை நியாயம் என்று சொல்ல மாட்டார். மாதம் 846 பவுண்டு (அதே ஆண்டுக் கணக்கு) சம்பாதித்தால் உச்சவரம்பு விலகிவிடும். மேலே சொன்ன தாயின் 900 பவுண்டு இதனால்தான் முக்கியமாகிறது. மூன்றாவது பிள்ளைக்குக் காசில்லை என்று 2017இல் கொண்டுவந்த விதியை, 2026 ஏப்ரல் முதல் நீக்குவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

முதல் காசு வர ஐந்து வாரம் ஆகும். வாடகைக்கும் பாலுக்கும் ஐந்து வாரம் காத்திருக்கச் சொல்வது கொடுமைதான். முன்பணம் கேட்கலாம், வட்டியில்லாக் கடன், மாதாமாதம் கழிப்பார்கள். ஆன்லைன் கணக்கில் ‘ஜர்னல்’ என்ற பகுதியைத் தினமும் திறந்து பாருங்கள். சந்திப்புத் தேதி அங்கேதான் வரும், தவறவிட்டால் காசு வெட்டப்படலாம். விண்ணப்பம் போடத் தெரியவில்லை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸின் 0800 144 8444 இலவச உதவி எண். நியூஹாமிலும் டூட்டிங் பக்கத்திலும் தமிழ் நலச் சங்கங்கள் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே இந்த வேலையைச் செய்துவருகின்றன.

அடுத்து, சொத்து. 6,000 பவுண்டுக்குக் கீழே சேமிப்பு இருந்தால் கழிவு இல்லை, 16,000க்கு மேல் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டே இல்லை. சீட்டுக் காசு எடுத்து வங்கியில் போட்டால் அதுவும் இந்தக் கணக்கில் பார்க்கப்படும். யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் இருக்கும் காணியோ, மதுரையில் இருக்கும் வீடோ சொத்துதான். சொல்லாமல் விட்டு, பிறகு தெரியவந்தால் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பார்கள். ஆனால் நீங்கள் அணியும் நகை, தாலிக்கொடி உட்பட, சொத்துக் கணக்கில் வராது. இதற்குப் பயந்தே விண்ணப்பிக்காதவர்கள் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். தம்பி வந்து கூடத் தங்கினால் அதையும் அறிவிக்க வேண்டும். வாடகைக்கான தொகை குறையலாம், கவுன்சில் வரியின் 25 சதவீதத் தள்ளுபடியும் போகலாம்.

பிள்ளையின் தகப்பன் இங்கே இருந்தால் அவருக்கும் கடமை உண்டு. கோயில் பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டு இரண்டு மாதம் தந்துவிட்டு நிறுத்துவது வாடிக்கையாகிவிட்டது. சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து விண்ணப்பக் கட்டணம் இல்லை. வழக்கமான கணக்கில், ஒரு பிள்ளைக்கு அவர் வார வருமானத்தில் 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றுக்கோ அதற்கு மேலோ 19. பிள்ளை இரவில் அவரோடு தங்கும் நாட்களைப் பொறுத்து மாறும். அந்தக் காசு வந்தால் யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. அவர் வேறு நாட்டில் வசித்தால் பெரும்பாலும் நீதிமன்றம் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

சின்ன உதவிகளையும் விடாதீர்கள்: நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலும் பழமும் வாங்க ஹெல்தி ஸ்டார்ட் அட்டை, முதல் குழந்தைக்கு 500 பவுண்டு மகப்பேற்று உதவி (பிறந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும்), குளிர்காலத்தில் மின் கட்டணத்தில் 150 பவுண்டு கழிவு. லண்டன் அரசு ஆரம்பப் பள்ளிகளில் 2023 செப்டம்பரிலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் மதிய உணவு இலவசம். வேலையும் யூனிவர்சல் கிரெடிட்டும் சேர்ந்திருந்தால் ‘ஹெல்ப் டு சேவ்’ கணக்கில் மாதம் 50 பவுண்டு வரை போடலாம். நான்கு ஆண்டில் 1,200 பவுண்டு வரை அரசு கூடுதலாகத் தரும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், உதவி என்ற பெயரில் வருபவரிடம். படிவம் நிரப்பக் காசு கேட்பவர், “உங்கள் பெயரில் முன்பணம் எடுத்துத் தருகிறேன், பாதி எனக்கு” என்று சொல்பவர், பதிவு இல்லாமல் விசா ஆலோசனை சொல்பவர். கடைசி ஆள் செய்வது குற்றம். இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டியில் பதிவு செய்தவரா, தகுதி பெற்ற வழக்கறிஞரா என்று கேளுங்கள். மீட்டர் வட்டிக்காரர் பாஸ்போர்ட்டையோ வங்கி அட்டையையோ பிடித்துவைத்திருந்தால் 0300 555 2222 எண்ணுக்கு அழையுங்கள். உரிமமில்லாமல் கடன் கொடுத்ததுதான் குற்றம், வாங்கியது குற்றமில்லை. முறையான கடன்கள் கழுத்தை நெரித்தால், பதிவு செய்த கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ கேட்கலாம். அந்த நாட்களில் அதில் அடங்கும் கடன்களுக்கு வட்டி ஏறாது, வசூல்காரர் கதவைத் தட்ட முடியாது.

விண்ணப்பத்தை மறுத்துக் கடிதம் வந்தால் அதை மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், ஜர்னலில் எழுதினாலே போதும். அதிலும் மறுத்தால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. மேல்முறையீட்டுப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு கேள்வி இருக்கும். ‘தமிழ்’ என்று எழுதுங்கள், ஏற்பாடு அவர்கள் பொறுப்பு.