கிணற்றடிக் கல்வாழை: வளர்ப்பும் வரம்பும்

கிராமத்து வீடுகளில் கிணற்றடி, மாட்டுத் தொட்டி, பாத்திரம் துலக்கும் இடம் ஆகியவற்றினின்று வழியும் நீர் கொல்லையில் தேங்கிக் கொசுவுக்கு இருப்பிடமாவது யாவரும் அறிந்ததே. அந்நீரைக் குடித்துப் பெருந்தழையும் அழகிய பூவும் தரும் செடிகளுள் கல்வாழை முதன்மையானது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளே இதன் பூர்விகம். கழிவுநீரைச் சுத்தி செய்யும் சரளைப் பாத்திகளிலும் இப்போது இது நடப்படுகின்றது. ஆயினும், இத்தனை நன்மை செய்யும் செடியே இடமறியாது நடப்படின் வாய்க்காலை அடைத்து ஊருக்குப் பகையாகும்.

பரவும் விதம்.— கல்வாழைக் கிழங்கு மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடிப் புதுத் தண்டுகளை எழுப்பும். ஈரமான கரையில் கிழங்குகள் ஒன்றோடொன்று பின்னிப் பெரும் புதராகும். புதர் வண்டலைப் பிடிக்கும், வண்டல் மேடாகும், அம்மேட்டில் மீண்டும் கிழங்கு ஓடும். இவ்வாறு வாய்க்கால் குறுகுவதைத் தலைமடைக்காரர் உணரார். கடைமடைக்காரரின் நாற்றே முதலில் வாடும். கண்ணுள்ள சிறு கிழங்குத் துண்டு நீரோடு சென்று ஒதுங்கினாலும் முளைத்துவிடும். விதையோ கல்போற் கடினமானது. அர்ஜென்டினா தேசத்தில் பழைய கல்லறை ஒன்றிற் கிடைத்த, ஏறத்தாழ 600 வருஷங்களுக்கு முற்பட்டதென மதிக்கப்பட்ட கல்வாழை விதை முளைத்ததாக 1968-ஆம் வருஷம் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

நடவு.— வெயில் நன்றாக விழும் இடமே ஏற்றது. மண்ணை 2 அடி ஆழம் கொத்தி, மக்கிய தொழுவுரம் கலந்து, இரண்டு மூன்று கண்ணுள்ள கிழங்குத் துண்டுகளை 3 அங்குல ஆழத்தில், 2 அடி இடைவிட்டு நட வேண்டும். கழிநீர் விழும் வாயிற் சரளைக்கல் பரப்பினால் நீர் மேலே நில்லாது உள்ளே இறங்கும். தேங்கி நின்றால் கல்வாழை இருந்தும் கொசு ஒழியாது. விதையினாற் பயிராக்க விரும்புவோர், கருந்தோலின் உட்புறம் வெண்மை தெரியுமளவு அரத்தால் தேய்த்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து விதைத்தல் வேண்டும். கலப்பு ஜாதிகளின் விதை தாய்ச்செடியைப் போலவே பூக்குமென எதிர்பார்த்தல் கூடாது.

வரம்பு.— பாத்தியைச் சுற்றித் தரைக்குக் கீழ் ஒன்றரை அடியும் மேல் 3 அங்குலமும் இருக்குமாறு செங்கற் சுவர் எழுப்புக. செலவுக்கு அஞ்சுவோர், பழைய தகரப் பீப்பாயைப் பாதியாக வெட்டி, அடியில் துளைகளிட்டு, விளிம்பு வெளியே தெரியப் புதைத்து அதனுள் நடலாம். ஒருமுறை பூத்தோய்ந்த தண்டை அடியோடு அறுத்துவிடுக. புதுத் தண்டு கிளம்பும். காயை முற்றுமுன் கிள்ளிவிடுக. இரண்டு அல்லது மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடுக. மிஞ்சிய கிழங்கைக் குப்பைக் குழியிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. வெயிலிற் சுருங்க உலர்த்தி எரித்துவிடுதலே நன்று. இலையில் மஞ்சட் கோடுகள் காணும் செடி பெரும்பாலும் வைரஸ் நோயுற்றதாகும்; அதன் கிழங்கை நடவுக்கு எடுத்தல் தகாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை.— வாய்க்காற்கரை, மதகடி, ஏரிக்கரை ஆகிய பொது இடங்களில் கல்வாழை நடுவதற்கு இடங்கொடுக்கலாகாது. முன்பே வேரூன்றியிருப்பின், மேல்தழையை அரிவதனால் மட்டும் பயனில்லை. கிழங்கு மீண்டும் தழைக்கும். வாய்க்கால் உலர்ந்திருக்கும் கோடையிலேயே ஓரடி ஆழம் தோண்டித் துண்டு விடாது பொறுக்கல் வேண்டும். காவிரிப் பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆதலின் அப்பகுதியினர் மே மாதத்துக்குள் இவ்வேலையை முடித்தல் உத்தமம். தண்ணீர் வந்தபின் ஒரு மாதத்தில் மறுபடி பார்வையிட்டு, விட்டுப்போன முளைகளைப் பிடுங்குக. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே நாளில் கூடிச் செய்யின், ஆள் செலவும் குறையும். தண்ணீர்ச் சச்சரவும் நேராது.