வீட்டு நாயின் கண் சிவந்தால்…

ஊரில் நாய் முற்றத்தில் படுத்திருந்து வீட்டைக் காக்கும். சுவிஸிலோ எங்கள் பிள்ளைகளின் கட்டிலருகே உறங்குகிறது. அதனால் மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் எங்களிடமும், "டொக்டர், நாயின் கண்ணில் பூளை தள்ளுது. எனக்குத் தந்த துளிமருந்து மிச்சம் இருக்கு, விடலாமோ?" என்று கேட்கிறார்கள். மிருக வைத்தியச் செலவை எமது கட்டாய மருத்துவக் காப்புறுதி ஏற்காது. எனவே இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் எங்கள் பதில்: விடவேண்டாம்.

ஏன் கூடாது?

மனிதருக்குத் தரப்படும் சில கண் துளிகளில் கோர்ட்டிசோன் உண்டு. விழியின் முன்னே கண்ணாடிபோல் உள்ள படலத்தில் புண் இருக்கும்போது அதை விட்டால், புண் ஆழமாகிப் பார்வையே போகலாம். புண் இருப்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். மிருக வைத்தியர் ஒரு சாயத்துளி விட்டுப் பார்ப்பார். புண் இருக்குமிடம் பச்சையாகத் தெரியும். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேயிலைச் சாயம் ஆகியவற்றையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நாய்களில் கிருமித்தொற்று பெரும்பாலும் வேறொரு காரணத்தைத் தொடர்ந்தே வருகிறது. கண்ணுக்குள் புகுந்த புல்முள், கீறல், உள்நோக்கி மடிந்த இமை, கண்ணீர் குறைந்து கண் உலர்தல் என்பன அவற்றுட் சில. பக், ஷிட்சு போன்ற தட்டை முக நாய்களில் கண் நோய்கள் அதிகம். காரணத்தைக் கண்டறியாமல் மருந்து மட்டும் விட்டால் நோய் திரும்பத் திரும்ப வரும்.

தெற்கே போகிறீர்களா?

திச்சினோ மாநிலத்து நாய்களில் கண்புழு நோய் பரவியிருப்பதை 2008இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. கண்ணீரை உண்ணும் ஒருவகைச் சிறு ஈ இதைப் பரப்புகிறது. வெள்ளை நூல் போன்ற இப்புழு இமைக்கடியில் வாழும். மிருக வைத்தியர் அதைக் கழுவி அகற்றி, புழுமருந்தும் கொடுப்பார். மனிதருக்கும் இது மிக அரிதாகத் தொற்றியுள்ளது. கோடை விடுமுறைக்கு அங்கோ இத்தாலிக்கோ நாயுடன் சென்று வந்திருந்தால், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை

• கொதித்தாறிய நீரில் நனைத்த துணியால் பூளையை மெதுவாகத் துடைக்கவும். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு துணி வேண்டும்.
• இரண்டு மருந்துகள் இருந்தால் இடையே 5 நிமிடமாவது விடவும். களிம்பைக் கடைசியில் பூசவும்.
• கழுத்தில் மாட்டும் கூம்புப் பட்டியைப் பரிதாபப்பட்டுக் கழற்றவேண்டாம். காலால் ஒருமுறை தேய்த்தாலே ஆறிவரும் புண் மீண்டும் கிழியலாம்.
• மருந்து விடுவதைச் சிறுபிள்ளைகளிடம் ஒப்படைக்கவேண்டாம். வலியில் நல்ல நாயும் கடிக்கும்.
• முன்னும் பின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும்.

குணமாகும் காலம்

சாதாரண தொற்றில் 2, 3 நாட்களில் பூளை குறையும். 1 முதல் 2 கிழமைகளில் முற்றாக மாறும். கண் தெளிந்துவிட்டதென்று மருந்தை இடையில் நிறுத்தவேண்டாம். மேலோட்டமான புண் ஏறக்குறைய ஒரு கிழமையில் ஆறும். ஆழமான புண் ஆறியபின் மங்கலான தழும்பு எஞ்சலாம். கண் உலர்தலுக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும்.

நாய் கண்ணை இறுக மூடியிருத்தல், விழி நீலம்பாய்ந்து மங்குதல், விழி பெருத்தல் அல்லது வெளித்தள்ளுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மிருக வைத்தியரை அழையுங்கள். சனி, ஞாயிறு என்றால் அவசர சேவையை நாடுங்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று காத்திருக்கவேண்டாம்.