வாழைக்குலையும் வாணிக ஒப்பந்தமும்

ஒப்பந்தம் என்னுஞ் சொல்லுக்கு அடியாக நிற்பது ஒப்பு. ஒப்பு என்பதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. 'இவன் அவனுக்கு ஒப்பானவன்' என்னுமிடத்துச் சமம் என்பது பொருள். 'இவன் அதற்கு ஒப்பினான்' என்னுமிடத்து இசைவு என்பது பொருள். ஒரே சொல்லில் இவ்விரண்டையும் அடக்கிய நம் முன்னோர், ஒத்தவரிடையே நிகழும் இசைவே உண்மையான இசைவு என்று கருதினர் போலும். வள்ளுவரும் வாணிகத்தின் இயல்பைப் பொருட்பாலிலே கூறாது, அறத்துப்பாலில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வைத்துக் கூறினார்.

அங்ஙனமாயின், ஒப்பில்லாத இருவர் ஒப்பந்தஞ் செய்துகொண்டால் விளைவது யாது? செல்வ நாடுகளும் வளர்ந்துவரும் நாடுகளும் கைச்சாத்திடும் வாணிக உடன்படிக்கைகளைப் பற்றிப் பத்திரிகைகளிற் படிக்குந்தோறும் இவ்வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு. இதற்கு விடை தேடுவார்க்கு நூற்கொள்கைகளினும் மிகுதியாக உதவுவது, கரிபியன் கடலிலுள்ள சில சிறு தீவுகளின் வாழைக்குலை வரலாறாகும்.

சென் லூசியா, டொமினிக்கா, சென் வின்சென்ற், கிரனடா என்பன அத்தீவுகள். சென் லூசியாவின் பரப்பு ஏறக்குறைய 240 சதுரமைல் மாத்திரமே. இத்தீவுகள் 1950ஆம் ஆண்டுகளில் வாழைக்கு மாறின. பெருந்தோட்டங்கள் அங்கே மிகுதியில்லை. மலைச்சரிவுகளிற் சில ஏக்கர் நிலம் வைத்திருக்குங் குடும்பங்களே வாழை பயிரிட்டன. கரும்பு ஆண்டுக்கொரு முறை பணந்தரும் பயிர். வாழையோ ஆண்டு முழுவதும் குலை தள்ளுவது. வாரந்தோறும் கப்பல் வந்தது; அதனால் உழவன் கையிலே காசும் இடையறாது வந்தது. அக்காசிலே வீடுகள் எழுந்தன; பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றனர். பழம் முழுவதும் சென்றடைந்த சந்தை பிரித்தானியா.

பிரித்தானியா 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர்ந்தபோது, அதன் பழைய குடியேற்ற நாடுகளின் வாணிகம் என்னாவது என்ற வினா எழுந்தது. அதற்கு விடையாக வந்ததே லோமே உடன்படிக்கை. 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி, தோகோ நாட்டின் தலைநகராகிய லோமேயில், ஐரோப்பிய நாடுகள் 9உம் ஆபிரிக்க, கரிபியன், பசிபிக் நாடுகள் 46உம் இதிற் கைச்சாத்திட்டன. அதன் சிறப்பு யாதெனில், வறிய நாடுகளின் பண்டங்களுட் பெரும்பாலானவற்றை ஐரோப்பா தீர்வையின்றி ஏற்கும். ஆயினும் அதற்கு ஈடாகத் தன் பண்டங்களுக்கு அத்தகைய சலுகையை வேண்டாது என்பதே. வாழைப்பழத்திற்குத் தனியாக ஓர் இணைப்பேடும் அதில் இருந்தது. வலியோன் தன் வலிமையை அறிந்து ஒருபடி இறங்கிவந்த உடன்படிக்கை இஃது எனலாம்.

ஆயின், ஒருவனுக்குக் கொடுக்குஞ் சலுகை மற்றொருவனுக்கு அடைக்குங் கதவாதலும் உண்டு. 1993இல் ஐரோப்பிய நாடுகள் தம் சந்தைகளை ஒன்றாக்கியபோது, வாழைப்பழத்திற்கும் பொதுவான ஒழுங்கு ஒன்றை வகுத்தன. லோமே நாடுகளின் பழம் குறித்த அளவுவரை தீர்வையின்றி வந்தது. இலத்தீன் அமெரிக்கப் பழத்திற்கு அளவும் வரையறுக்கப்பட்டது, தீர்வையும் விதிக்கப்பட்டது. எக்குவடோர், ஹொந்துராஸ், குவாத்தமாலா முதலிய நாடுகளிற் சமநிலத்திலே பரந்த தோட்டங்கள் உள. அங்கு விளையும் பழம் மலைச்சரிவுப் பழத்தினும் மலிவானது. ஐரோப்பிய ஒழுங்கு தங்களை ஓரவஞ்சனை செய்கின்றது என்று அந்நாடுகள் முறையிட்டன. அவற்றின் தோட்டத் தொழிலாளரும் ஏழைகளே. ஆதலின் அம்முறையீட்டில் நியாயமே இல்லை என்று கூறிவிடல் இயலாது.

வியப்புக்குரியது பிறிதொன்று. வாழைப்பழ ஏற்றுமதி எனத்தக்கது ஏதுமில்லாத அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வழக்கிலே முன்னணியில் நின்றது. இலத்தீன் அமெரிக்கப் பழத்தை விற்கும் சிக்கீற்றா என்னும் அமெரிக்கக் கம்பனி 1994இல் தன் அரசிடம் முறையிட்டதே இதற்குக் காரணம். 1996இல் அமெரிக்காவும், எக்குவடோர், குவாத்தமாலா, ஹொந்துராஸ், மெக்சிக்கோ ஆகிய நாடுகளும் ஒருங்கே உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குத் தொடர்ந்தன. எதிரி ஐரோப்பா. வழக்காடிய பேரரசுகள் இரண்டுக்கும் வாழை உயிர்நிலையன்று. எவர்க்கு அஃது உயிர்நிலையோ, அத்தீவினர் வழக்கின் ஓரத்திலே நின்றனர்.

இவ்விடத்திலே ஒரு நிகழ்ச்சியை ஆசிரியரும் மாணாக்கரும் ஊன்றி நோக்கல் வேண்டும். அன்று ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்களே வாழ்ந்த சென் லூசியாவின் அரசுக்குப் பன்னாட்டு வாணிகச் சட்டத்தில் வல்ல உத்தியோகத்தர் கூட்டம் இருக்கவில்லை. ஆதலின் அது வெளியிலுள்ள சட்டத்தரணிகளை அமர்த்தியது. விசாரணைக் குழுவோ, அரசின் நிலையான உத்தியோகத்தர் அல்லாதார் மண்டபத்தில் இருத்தல் கூடாது எனக் கூறி அவர்களை வெளியேற்றிற்று. தன் மக்களின் பிழைப்பைப் பற்றி வாதம் நிகழும் மண்டபத்தில், தன் பொருட்டுப் பேசவல்லவரை இருத்துதற்கும் அச்சிறு நாட்டிற்கு இடமில்லாது போயிற்று. அந்நாடு வாளாவிருக்கவில்லை. மேன்முறையீட்டின்போது அவ்வுரிமையை மீண்டும் வேண்டிற்று. 1997இல் மேன்முறையீட்டுக் குழு, தன் பிரதிநிதிகள் யாவர் என்று தீர்மானிப்பது அவ்வந்நாட்டின் உரிமையே என ஏற்றுக்கொண்டது.

வழக்கின் முடிவோ தீவினர்க்குச் சாதகமாகவில்லை. ஐரோப்பிய ஒழுங்கு விதிகளுக்கு முரணானது என்று 1997இல் தீர்ப்பாயிற்று. ஐரோப்பா செய்த திருத்தமும் போதாதெனப்பட்டது. 1999இல் அமெரிக்கா ஆண்டுக்கு 19 கோடியே 14 இலட்சம் டொலர் அளவுக்கு ஐரோப்பியப் பண்டங்கள்மீது பதில் நடவடிக்கை எடுக்க அனுமதி பெற்றது. கைப்பைகளும் படுக்கை விரிப்புகளும் வாழைப்பழத்தின் பொருட்டுத் தண்டத் தீர்வை செலுத்தின. ஈற்றில், 2009ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனீவாவில் இணக்கம் ஏற்பட்டது. இலத்தீன் அமெரிக்கப் பழத்தின்மீது தொன் ஒன்றுக்கு 176 யூரோவாக இருந்த தீர்வை படிப்படியாக 114 யூரோவாகக் குறைக்கப்படும் என்பது அதன் சாரம். 2012இல் வழக்கு முறைப்படி முடிவெய்தியது.

வழக்கு முடியுமுன்னரே தீவுகளின் வாழைத் தோட்டங்கள் மெலிந்துவிட்டன. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பழத்தை அனுப்பிய இத்தீவுகள், பத்தாண்டு கழிந்தபின் ஓர் இலட்சம் தொன்னும் அனுப்பவில்லை. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டிருந்த வாழை உழவர் சில ஆயிரவராயினர். சூறாவளியும் பயிர்நோயும் தம் பங்கைச் செய்தன என்பது உண்மையே. எனினும் அவை முன்னரும் வந்தவை. அன்று உழவன் விழுந்த வாழையை அகற்றிப் புதுக்கன்று நட்டான். சந்தை நிலைக்கும் என்ற நம்பிக்கை தளர்ந்தபின்னரே பலர் நடாது விட்டனர். எஞ்சியோருட் பலர் நியாய வணிக முத்திரை பெற்ற பழத்தைச் சற்றே உயர்ந்த விலைக்கு விற்றுத் தப்பினர்.

லோமேயின் வழிவந்த உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெனின் நாட்டிலுள்ள கொட்டனுவிற் கைச்சாத்தாயிற்று. ஒருவழிச் சலுகை இனி நெடுங்காலம் நில்லாது; இரு சாராரும் ஒருவர்க்கொருவர் சந்தையைத் திறத்தல் வேண்டும் என்பது அதன் புதுநெறி. அந்நெறியில் 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் கரிபியன் நாடுகள் ஐரோப்பாவுடன் உடன்படிக்கை செய்தன. தம் சந்தையைத் திறத்தற்கு, சில பண்டங்களின் விடயத்தில் 25 ஆண்டுவரை தவணை பெற்றன. ஏட்டிலே பார்த்தால் இது சமமான உடன்படிக்கை. ஆயின் மல்லனும் சிறுவனும் ஒரே விதிப்படி மற்போர் புரிதலைச் சமம் என்று யார் கூறுவர்?

மறுக்கும் ஆற்றலும் எல்லார்க்கும் ஒன்றன்று. கென்யாவும் தன்சானியாவும் அயல் நாடுகள். கிழக்காபிரிக்கச் சமூகத்தின் உறுப்பினராய் ஐரோப்பாவுடன் ஒன்றாகவே பேசியவை. பேச்சு நீண்டமையால் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி கென்யாவின் சலுகை அற்றது. அதன் மலர்கள் டிசம்பர் இறுதிவாரம்வரை தீர்வை செலுத்தியே ஐரோப்பா புகுந்தன. தன்சானியாவுக்கோ அவ்விடர் இல்லை. மிக வறிய நாடுகட்கு 2001 முதல் ஐரோப்பா அளித்துவரும் தனிச்சலுகை அதற்கு இருந்தது. ஆதலின் ஒன்று விரைந்து இசைந்தது. மற்றது நின்று ஆராய்ந்து பின்வாங்கியது. ஈற்றிற் கென்யா 2023இல் தனித்தே கைச்சாத்திட்டது. அவசரம் யாருக்கு உண்டோ அவரே விட்டுக்கொடுப்பர் என்பது சந்தையிற் பேரம் பேசுவோர் யாவரும் அறிந்ததே.

சலுகை உடன்படிக்கையன்று, அது கொடுப்போன் கையிலிருப்பது. இதனை நம் நாடும் கண்டுள்ளது. ஐரோப்பா 2005இல் இலங்கைக்கு அளித்த ஜீ.எஸ்.பி. பிளஸ் என்னுந் தீர்வைச் சலுகை, மனித உரிமை உடன்பாடுகளை நிறைவேற்றாமை காரணமாக 2010இல் நிறுத்தப்பட்டு, 2017இல் மீளக் கிடைத்தது. நிறுத்தியது முறையா என்பது வேறு ஆராய்ச்சி. அரசின் செயலுக்குரிய சுமை ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன்னிருந்த பெண்ணின் தலையிலும் இறங்கிற்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

ஆகவே, கொடையை நம்பி வாழ்தலும் இடர். ஏட்டுச் சமத்துவத்தை நம்பிக் களத்தில் இறங்குதலும் இடர். சிறிய நாட்டிற்கு வேண்டுவன மூன்று. மாறுதற்குப் போதிய காலம் ஒன்று. ஒரு பயிரையும் ஒரு சந்தையையும் மாத்திரம் நம்பாதிருக்கும் நிலை ஒன்று. ஏட்டிலுள்ள ஒவ்வோர் எழுத்தையும் படித்து, பொருளுணர்ந்து, ஏற்கத்தகாததை மறுத்துரைக்கவல்ல அறிஞர் கூட்டம் ஒன்று. முன்னைய இரண்டையும் பெற்றுத்தருவதும் இம்மூன்றாவதே.

இத்தேவையை உணர்ந்தே 2001இல் ஜெனீவாவில், வளர்ந்துவரும் நாடுகட்கு வாணிகச் சட்ட உதவி வழங்கும் ஆலோசனை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இன்று வறிய நாடுகள் தாம் விரும்பிய சட்டத்தரணியை அம்மண்டபத்துக்கு அழைத்துச் செல்லலாம். வாழைச் சந்தையை இழந்த சென் லூசியா பிற சிறு நாடுகட்குத் தேடிவைத்த செல்வம் அது. சட்டமும் பொருளியலுங் கற்கும் நம் மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக. மறுத்துரைக்க வல்லவன் இசைந்தாலன்றி, அவ்விசைவு ஒப்பாகாது; ஒப்பில்லாத ஏடு ஒப்பந்தமும் ஆகாது.